தீக்குச்சிப் பூ கலந்த கஞ்சி

போன மாதம் என் மகள் தன் கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அம்மா, இது உங்க சாமான்தானே?" என்றாள்.

திரையில் ஒரு போத்தல், அதற்குள் பச்சை நிற மாத்திரைக் கூடுகள். பின்னணியில் மஞ்சள் கலந்த பச்சைத் தண்டும் சிவப்புத் தலையுமாக ஓர் இலைக்கனின் படம். மலைநாட்டு மண்ணில் விளைந்த மூலிகையாம். புண் ஆறுமாம், சளி போகுமாம், ஈரல் சுத்தமாகுமாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். மூன்றாவது பலனை மறுபடி மறுபடி வாசித்தேன். அடுப்பில் வைத்திருந்த பாலை மகள்தான் ஓடிப்போய் இறக்கினாள்.

இரண்டு நாள் கழித்து, நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்திலிருந்து இப்போது அங்கே இருக்கும் ஒருத்தி அழைத்தாள். அவளும் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறாள். "அக்கா, அந்த ஹேவாஹெட்டக் கேஸை நீங்க எழுதித் தந்தா என்ன? இங்க பைல்ல ரெண்டு பக்கந்தான் இருக்கு" என்றாள்.

அந்த இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் என் கையெழுத்து. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் நின்றார். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துத் தேறி, கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினேன். அடுத்த மூன்று வருடம் உறைகளில் பெயர்ச் சீட்டு எழுதினேன். அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கியைத் தொட விட்டார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். இவ்வளவுதான் என் பதவி வரலாறு.

எங்கள் பகுதியின் தலைவி கலாநிதி திலகவதி. நாங்கள் மேடம் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். படிக்க வந்த இடத்தில் கண்டியிலேயே தங்கிவிட்டவர். அலுவலகத்தில் எந்நேரமும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. மலைக்குப் போனால் அதே சேலையோடு கான்வஸ் சப்பாத்து. அவர் யாரையும் சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. நாம் எழுதிய சீட்டில் பிழை இருந்தால் பென்சிலால் ஓரத்தில் சின்னப் புள்ளி ஒன்று வைத்துத் திருப்பி அனுப்புவார். எது பிழை என்று சொல்லமாட்டார். நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் ஒரே சீட்டு ஐந்து தடவை புள்ளியோடு என் மேசைக்கு வந்தது. ஆறாவது தடவைதான் உயரத்தை அடியிலும் மற்ற அளவுகளை மீற்றரிலும் எழுதியிருந்ததைக் கண்டேன்.

நாங்கள் எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். "இது கண்டதோ, நினைச்சதோ?"

கண்டது என்றால் எழுதலாம். நினைத்தது என்றால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

இலைக்கன் என்றால் பலருக்குத் தெரியாது. பங்கசு என்ற பூஞ்சணமும் அல்கா என்ற நுண்பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழும் உயிர் அது. மரப்பட்டையிலும் பாறையிலும் படர்ந்திருப்பதை எல்லோரும் பாசி என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். எங்கள் வேலை தரையில் வளர்பவற்றோடு. மலையில் மண் சரிந்த பிறகு சிவப்பு மண் பச்சைப் புண் போலக் கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஓடும். அந்த மண்ணில் முதலில் வந்து ஒட்டுபவை இவைதான். மண்துகளை ஒன்றோடொன்று பிணைத்து மெல்லிய தோல் மாதிரி மூடும். சில வகைகள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். அப்புறந்தான் பாசி, புல், செடி எல்லாம். பனி இறங்கும் காலையில் தொட்டால் பஞ்சு போல இருக்கும். வெயில் மாதங்களில் கால் பட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஒரு விரல் நகம் அளவு வளரப் பல வருடம் எடுக்கும்.

அதனால் சேகரிப்பதற்கு மேடத்திடம் கடும் சட்டம் இருந்தது. பத்துத் திட்டுக்கு ஒன்றில்தான் கை வைக்கலாம். அதிலும் நகமளவுதான். மழுங்கிய கத்தியால் மண்ணோடு தூக்கி, குழியை அதே மண்ணால் மூட வேண்டும். பொலித்தீன் பை கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். மடித்த கடதாசி உறைதான். உறையில் இடம், உயரம், சரிவு எந்தத் திசை பார்க்கிறது, பக்கத்தில் என்ன வளர்கிறது எல்லாம் அங்கேயே நின்று எழுத வேண்டும். வான் வண்டியில் ஏறிய பிறகு எழுதினால் அதை நினைத்தது என்பார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆய்வுகூடத்துக்குள் 'மருந்து' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. இலைக்கன் சாறு கிருமியைக் கொன்றால் 'செயற்பாடு காட்டியது' என்று சொல்ல வேண்டும். நாங்கள் பின்னால் சிரிப்போம். அந்தச் சட்டம் ஏன் இருந்தது என்று எனக்குத் தெரிய வந்த விதத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பழைய மண்சரிவு ஒன்று இருந்தது. அங்கே எங்களுக்கு வழிகாட்டியவர் தங்கராஜ். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. நாங்கள் போகும் நாட்களில் லீவு போட்டுவிட்டு வருவார். பனியில் எந்தக் கல் வழுக்கும், எங்கே அட்டை அதிகம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மஞ்சள் கலந்த பச்சைத் தண்டில் குண்டூசித் தலையளவு சிவப்புக் குமிழ் வைத்திருக்கும் ஒரு வகையை முதலில் காட்டித் தந்தவர் அவர்தான். அவர் அதைத் தீக்குச்சிப் பூ என்பார். எங்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நான் லயத்துப் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

தீக்குச்சிப் பூவின் சாறு எங்கள் தட்டுகளில் நன்றாகச் செயற்பாடு காட்டியது. கிருமி வளர்த்த தட்டின் நடுவே சாறு ஊறிய சின்ன வட்டக் கடதாசியை வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், தட்டு முழுக்க வெள்ளையாகக் கிருமி படர்ந்திருக்கும். கடதாசியைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த வளையம். அந்த வளையத்தை நான் இரண்டு தடவை அளப்பேன்.

ஒரு நாள் தங்கராஜ் ஆய்வுகூடத்துக்கே வந்தார். மனைவி சரோஜாவைக் கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர், அவரை மருந்து வாங்கும் வரிசையில் உட்கார வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு உறை தருவதற்காக வந்திருந்தார். மேடம் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் அன்று அளந்த தட்டு ஒன்று மேசையில் இருந்தது.

"இங்க பாருங்கண்ணே, உங்க தீக்குச்சிப் பூ செஞ்ச வேலைய. கிருமி கிட்ட வரவே முடியல."

அவர் தட்டைத் தொடாமல் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"இது என்னா கிருமி தங்கச்சி?"

"புண்ணுல சீழ் புடிக்க வைக்குமே, அது."

"இங்கிலீசு மருந்துக்குக் கேக்காத புண்ணுக்கும் கேக்குமா?"

"சில மருந்துக்கு அடங்காத கிருமியக் கூட இது அடக்குதுண்ணே. பெரிய மருந்தா வரும் பாருங்க, ஒரு நாளைக்கி."

அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் மலை, எங்கள் ஆள் காட்டிய செடி, என் கை அளந்த வளையம். அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. சரோஜா எதற்குக் கிளினிக்குக்கு வந்திருக்கிறார் என்றும் கேட்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது கால் பெருவிரலில் புண். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று அன்று காலைதான் டொக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு சில மாதம் மலைக்குப் போகக் கிடைக்கவில்லை. மழை. அது விட்டதும் ஒரு புதன்கிழமை போனோம். வழக்கமாகத் தங்கராஜ் நிற்கும் கடையடியில் அவர் இல்லை. கடைக்காரர் வந்து வான் வண்டியின் கண்ணாடியில் தட்டினார்.

"தங்கராசு வரமாட்டாருங்க. சம்சாரத்தக் கண்டி ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. மஞ்சக் காமால. ரொம்ப மோசமாம்."

பாவம் என்று சொல்லிவிட்டு நாங்களே ஏறினோம். வழி தெரிந்ததுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் முன்னால் நடந்த மேடம் நின்றுவிட்டார். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

சரிவில் பல இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. நாங்கள் இலக்கம் போட்டுக் குச்சி நட்டு வைத்திருந்த திட்டுகளில் குச்சிகள் மட்டும் நின்றன. கூரான எதனாலோ வழித்தெடுத்திருந்தார்கள். மண்ணின் தோல் உரிந்து, மழை ஏற்கெனவே விரல் விரலாகக் கோடு போட்டிருந்தது. மற்ற வகைகளைத் தொடவில்லை. தீக்குச்சிப் பூ மட்டும் ஒன்றுகூட இல்லை.

மேடம் குச்சி குச்சியாகப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "ஆர் எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். யாராவது வியாபாரியாக இருக்கும் என்றேன். "கண்டனீரோ?" என்றார்.

திரும்பி இறங்கும்போதுதான் எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. மஞ்சள் காமாலை. கூரான கத்தி. இங்கிலீசு மருந்துக்குக் கேக்காத புண்ணுக்கும் கேக்குமா. தீக்குச்சிப் பூவில் உஸ்னிக் அமிலம் என்றொரு பொருள் இருப்பது எங்களுக்குத் தெரியும். கிருமியைக் கொல்வது அதுதான். உள்ளே போனால் ஈரலைத் தாக்கும் என்பதும் வாசித்துத் தெரிந்ததுதான். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன புனிதா, கால் பிசகினதோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"நீர் அவருக்கு என்ன சொன்னனீர்? ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்."

மறுபடி சொன்னேன், மருந்து என்று சொன்னதையும் சேர்த்து. அழுகை வந்தது.

"இப்ப அழ வேண்டாம். நேரம் என்ன?"

"பத்தரை, மேடம்."

"பன்னிரண்டுக்குத்தான் நோயாளரைப் பார்க்க விடுவினம். அதுக்கிடையில போய்ச் சேர ஏலும்." சாரதியிடம், "நேரே பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கோ தம்பி" என்றார்.

கண்டி வரைக்கும் வளைவுப் பாதை. சேகரிப்புப் பெட்டி என் மடியில் காலியாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கொழுந்து லொறி ஏதாவது எதிரே வந்து எங்களை ஓரங்கட்ட வைத்தது.

வார்டுக்குள் நுழைந்ததும் மேடம் டொக்டரைத் தேடிப் போனார். நான் கட்டில்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் சரோஜா. கண்வெள்ளை மஞ்சள் கிழங்கு நிறத்தில் இருந்தது. நான் பக்கத்தில் போனதும் என்னைப் பார்த்து, "சாந்தி, கொழுந்து நிறுத்தாச்சா?" என்றார். சாந்தி யார் என்று எனக்குத் தெரியாது. ஆள் நினைவு தடுமாறியிருந்தது.

தங்கராஜ் கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கரண்டியால் எதையோ ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அலுமாரி மேல் மூடி திறந்த பிளாஸ்க்.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"கஞ்சிதான் தங்கச்சி. தேங்காப்பால் கஞ்சி. தண்ணியா ஏதாச்சும் குடுக்கச் சொன்னாங்க."

கரண்டியில் கஞ்சி வெள்ளையாக இல்லை. கருமையும் பச்சையுமாகப் பொடி மிதந்தது.

"அதுல என்னாண்ணே கெடக்கு?"

"மொளகு."

"நாங்க மலைக்குப் போயிட்டுத்தான் வர்றோம்."

கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அதுவரை அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

பயம் எனக்குப் புரிந்தது. அது ஒதுக்கக் காடு. எடுக்கும் அனுமதி எங்கள் நிலையத்தின் பெயரில் இருந்தது, அவர் பெயரில் இல்லை. தான் உள்ளே போனால் இவளை யார் பார்ப்பது என்று அவர் நினைத்திருப்பார். கரண்டி மறுபடி நகர்ந்தது. சரோஜா வாயைத் திறந்தார்.

கையைத் தட்டிவிடலாம். தாதியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் மிளகு என்றே சாதித்துவிட்டு மிச்சத்தைக் கழிப்பறையில் ஊற்றிவிடுவார் என்று பட்டது. எத்தனை நாள், எவ்வளவு, எப்படி என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். நான் கட்டிலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். கரண்டியைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அண்ணே, தப்பு என் மேலதான். நான் அன்னைக்கி உங்ககிட்ட மருந்துன்னு சொன்னேன். அது மருந்து இல்லண்ணே. நாங்க தட்டுல மட்டுந்தான் பாத்தோம், மனுசருக்குக் குடுத்துப் பாக்கவே இல்ல. அது ஈரலக் கெடுக்கும். எனக்குத் தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லல. நீங்க குடுத்தீங்கன்னா அது நான் சொல்லித்தான் குடுத்தீங்க. யார் கேட்டாலும் அப்படியே சொல்றேன்."

கரண்டி சரிந்து கஞ்சி என் சேலையில் சிந்தியது. அவர் கரண்டியைப் பிளாஸ்க்குக்குள் போட்டு, மூடியை இறுக்கி, என் மடியில் வைத்தார்.

"மொதல்ல அவிச்சுத் தண்ணியாத்தான் குடுத்தேன். புண்ணுக்குக் கேக்கல. அப்புறம் காய வச்சுப் பொடிச்சு, கஞ்சியில போட்டேன். வெசாக் பண்டிகை முடிஞ்சதுலேருந்து. நாளைக்கி மூணு கரண்டி."

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறமுமா?"

அவர் முகம் கோணியது. "இங்க வந்தப்புறம் அஞ்சாக்கிட்டேன் தங்கச்சி. ஒடம்பு மோசமாயிட்டே போச்சே."

வார்டு டொக்டர் சிங்களப் பெண். மேடத்தைவிட இருபது வயது இளையவர். எலிக்காய்ச்சல் என்றும் வைரஸ் என்றும் சந்தேகித்து இரண்டுக்கும் இரத்தம் அனுப்பியிருந்தார்கள். ஊர் மருந்து ஏதாவது குடித்தாரா என்று வந்த அன்றே கேட்டிருக்கிறார்கள். இல்லையென்று தங்கராஜ் சொல்லியிருக்கிறார். டொக்டர் நாங்கள் சொன்னதைச் சிங்களத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். வெளியிலிருந்து எதையும் ஊட்டக்கூடாது என்று அங்கேயே எழுதினார். இந்தப் பிளாஸ்க்கில் என்ன இருக்கிறது என்று மாலைக்குள் நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தெரிந்தால்தான் கொழும்பில் ஈரல் நிபுணர்களோடு பேசி அடுத்ததைத் தீர்மானிக்கலாம் என்றார்.

ஆய்வுகூடத்துக்கு வந்தபோது இரண்டு மணி.

கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் சிலிக்காத் தட்டில் கஞ்சியை அப்படியே சாறெடுத்து ஓட்டினோம்; முதல் தட்டு பாழானது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் நீளமாகப் பூசிவிட்டது. மேடம் தட்டைப் பார்த்துவிட்டு, "துண்டுகளைப் பொறுக்கும்" என்றார்.

கஞ்சியை மெல்லிய சல்லடையில் வடித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினேன். சோற்றுப் பருக்கை, தேங்காய்த் தும்பு, பிறகு உள்ளே குழலாக இருக்கும் வெளிறிய தண்டுத் துண்டுகள். ஒரு துண்டின் நுனியில் சிவப்பு இன்னும் இருந்தது. அவ்வளவு அவிந்தும் அது போகவில்லை. அதை மேடத்துக்குக் காட்டினேன். குனிந்து பார்த்து, "ம்" என்றார்.

துண்டுகளைக் கழுவி, உலர்த்தி, அசற்றோனில் ஊற வைத்தேன். சிலிக்கா பூசிய புதுத் தட்டில் பென்சிலால் கோடு போட்டு, மயிரிழைக் கண்ணாடிக் குழாயால் மூன்று புள்ளி வைத்தேன். இடது புறம் கஞ்சியிலிருந்து பொறுக்கியது. நடுவில் எங்கள் சேமிப்பிலிருந்த தீக்குச்சிப் பூ. வலது புறம் சுத்தமான உஸ்னிக் அமிலம். ஒரு புள்ளி வைத்ததும் ஊதிக் காய வைத்து, அதே இடத்தில் மறுபடி, மறுபடி. கை நடுங்கினால் புள்ளி பெரிதாகும். மேடம் என் முழங்கைக்குக் கீழே ஒரு மடித்த துவாயை வைத்துவிட்டுப் போனார்.

தட்டைக் கரைப்பான் ஊற்றிய ஜாடிக்குள் நிறுத்தி மூடினால், கரைப்பான் மேலே ஏறும் வரை திறக்கக்கூடாது. திறந்தால் ஆவி போய்க் கோடு கோணும். நான் கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். ஈரக் கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. பார்க்காமல் இருந்து பார்த்தால்தான் ஏறியிருப்பது தெரியும். அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. புள்ளி தெரிய வேண்டும் என்றும் வேண்டினேன். தெரியக்கூடாது என்றும் வேண்டினேன்.

தட்டை எடுத்து உலர்த்தி, புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தோம். மூன்று வரிசையிலும் ஒரே உயரத்தில் கறுப்புப் பொட்டு. கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கியபோது மூன்றும் ஒரே நிறத்துக்கு மாறின.

நான் அறிக்கை எழுதினேன். கஞ்சியில் இந்த இலைக்கனின் துண்டுகளும் உஸ்னிக் அமிலமும் காணப்பட்டன. நோயாளியின் ஈரல் பாதிப்புக்கு இதுவே காரணம். மேடம் வாசித்துவிட்டு இரண்டாவது வசனத்தின் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார்.

"மேடம், இதுலயுமா? அவங்க செத்துக்கிட்டு இருக்காங்க."

"கண்டதோ, நினைச்சதோ? நாங்கள் கஞ்சியைக் கண்டனாங்கள். அவாவின்ர ஈரலை டொக்டர்தான் கண்டவ. அவ தீர்மானிக்கட்டும். பிழையாய் நாங்கள் அடிச்சுச் சொல்லி, டொக்டர்மார் மற்றச் சோதினையளை விட்டிட்டால்?"

அந்த வசனத்தை வெட்டினேன். கோபம் அடங்கவில்லை. அவர் தாளை என்னிடமிருந்து வாங்கி, தன் கையால் இன்னும் சில வரிகள் சேர்த்தார். இந்த இலைக்கன் மருந்தாகும் என்ற கருத்து நோயாளியின் கணவருக்கு எங்கள் ஆய்வுகூடத்திலிருந்தே போனது, அதன் தீங்கு பற்றி அவருக்குச் சொல்லப்படவில்லை, பகுதித் தலைவி என்ற முறையில் அது தன் பொறுப்பு. கீழே தன் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இது எதுக்கு மேடம்? டொக்டர் இதக் கேக்கவே இல்லையே."

"இது கண்டது" என்றார்.

பேனாவை அவர் மூடுவதற்குள் வாங்கி, அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அவர் தடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு முன் அறிக்கை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஈரலைக் காப்பாற்றும் ஒரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். கொழும்புக்கு ஏற்றிப் போகவும் ஆயத்தமாக இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது நாள். தினமும் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். தங்கராஜ் கட்டிலைத் தொடாமல் சுவரோடு நிற்பார். தண்ணீர்கூடத் தாதிதான் கொடுக்க வேண்டும் என்பார். நான்காம் நாள் சரோஜா யாரையும் தெரியாமல் கிடந்தார். ஆறாம் நாள் கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். ஒன்பதாம் நாள் டொக்டர் என்னிடம் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, மஞ்சள் அளவு இனி இறங்கும் என்றார். எலிக்காய்ச்சலும் இல்லை, வைரஸும் இல்லை என்று அதற்கிடையில் தெரிந்திருந்தது.

ஈரல் தேறியது. பெருவிரலை மட்டும் எடுத்தார்கள்.

மேடம் வன அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். தங்கராஜை ஓர் எச்சரிக்கையோடு விட்டார்கள். எங்கள் நிலையத்தில் விசாரணை நடந்தது. எனக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது, அது நியாயந்தான். ஆய்வு நிற்கவில்லை. அதே சாற்றை ஈரலின் உயிரணுக் கலங்கள் மீது வேறோர் இடத்தில் பரிசோதித்தார்கள். கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கிட்டிய அளவிலேயே அந்தக் கலங்களும் செத்தன. மேல்பூச்சாக எப்போதாவது உதவுமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. அதற்கு விடை தெரிந்ததாகச் சொல்கிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் கழித்துச் சரோஜாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் வாயாலும் கேட்டு எழுதி வரும்படி மேடம் அனுப்பியிருந்தார். தங்கராஜ் வேலைக்குப் போயிருந்தார். சரோஜா காலை நீட்டி உட்கார்ந்து எனக்குப் பிளேன்டீ கொடுத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

"அந்தத் தட்டுல கிருமி செத்தது நெசந்தானா?" என்று கேட்டார்.

"நெசந்தாங்க்கா."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் அப்படியாச்சு?"

"தட்டுக்கு ஈரல் கெடையாதுக்கா" என்றேன்.

அவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். நான் படிவத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசிக் கேள்வி, குடிக்கும்போது ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்பது.

"தெரிஞ்சுச்சு. எட்டிக்காயா கசக்கும். ரெண்டாவது வாரமே வயித்தப் பொரட்டுச்சு. ஒண்ணுக்குக் கறுப்பாப் போனிச்சு. இது ஒத்துக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் தங்கச்சி."

"பின்ன ஏங்க்கா குடிச்சீங்க? வேணான்னு சொல்லியிருக்கலாமே."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

"கல்யாணமாகி இருவத்தாறு வருசம். அந்த மனுசன் எனக்குக் கையால ஊட்டினது அப்பத்தான். எப்படி வேணான்னு சொல்ல?"

பேனா என் கையில் இருந்தது. எழுதவில்லை.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு" என்றார்.

சொல்லவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. படிவத்தில் அந்தக் கேள்விக்கு நேரே 'கசப்பு' என்று மட்டும் எழுதினேன். தங்கராஜ் போன வருடம் காலமாகிவிட்டார். நேற்று சரோஜாவுக்குத் தொலைபேசி எடுத்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். "இனி எழுதுங்க" என்றார்.